நத்தை ஓட்டிய படகு

என் அப்பாவைத் துறைமுகத்தில் எல்லோரும் நத்தை என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, முகத்துக்கு நேராகவே. அவரும் திரும்பிப் பார்த்து, "என்னப்பா" என்பார். நகரத்துப் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் கப்பல் தளத்துக்கு வேலையாட்களை ஏற்றிப் போகும் படகை அவர் ஓட்டினார். மற்ற ஓட்டுநர்கள் போய்விட்டுத் திரும்பும்போது அப்பா பாதி வழியில் இருப்பார். வெல்டர் ஒருவர் படகில் ஏறியதும், "நத்தையண்ணே, தலகாணி இருந்தா குடுங்க, தூங்கி எழுந்துக்கறேன்" என்பார். இன்னொருவர், தான் ஏறும்போது கல்யாணமாகாதவன் என்றும் இறங்கும்போது தன் பிள்ளை பள்ளிக்கூடம் போவான் என்றும் சொல்வார். படகே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். ஆனால் எஞ்சின் பிடியில் இருக்கும் அவர் கை ஒரு நூல்கூட முன்னால் நகராது.

புகார் மேலே போனது. அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். "பாதுகாப்பு சார்" என்றார் அப்பா. பாதுகாப்பு என்று ஒருவன் சொல்லிவிட்டால் அந்த அலுவலகத்தில் யாரும் மறுத்துப் பேச முடியாது, சுவரெல்லாம் அதைத்தான் எழுதி வைத்திருந்தார்கள். கடைசியில் ஆட்களை ஏற்றும் படகிலிருந்து எடுத்து, குப்பை ஏற்றும் படகில் போட்டார்கள். குப்பைக்கு அவசரம் கிடையாது. அப்பா ஏதோ பதவி உயர்வு கிடைத்தவர் மாதிரி வீட்டுக்கு வந்தார்.

வீட்டிலும் அவர் இப்படித்தான். வாளியில் தண்ணீர் பிடிக்கும்போது குழாயை மெல்லிய கோடாகத்தான் திறப்பார். அது நிறைவதற்குள் அம்மா சமையலையே முடித்துவிடுவாள். சின்ன வயதில் நான் குளியல் தொட்டியில் தண்ணீரை அடித்து விளையாடினால், எங்கிருந்தாலும் ஓடி வந்து என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொள்வார். அடிக்க மாட்டார், திட்டவும் மாட்டார். தண்ணீர் அசையாமல் நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருக்கும். எல்லா வீட்டு அப்பாக்களுக்கும் தண்ணீர் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அவருக்கு ஒரே பெண். வாய் கொஞ்சம் நீளம். படித்து முடித்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குப் போனேன். எங்கள் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டிருக்கிறது என்று அளக்க, சட்டையில் ஒரு சின்னப் பட்டையைக் குத்திக்கொண்டுதான் வேலை செய்வோம். நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "பட்டை என்ன சொல்லுது?" என்று அப்பா கேட்பார். "உங்க பொண்ணுக்கு நாக்குலதான் விஷம், உடம்புல இல்லன்னு சொல்லுது" என்பேன். அவர் சிரிக்க மாட்டார். மற்ற எல்லாக் கிண்டலுக்கும் சிரிக்கிற மனிதர் இதற்கு மட்டும் ஏன் சிரிப்பதில்லை என்று நான் யோசித்ததே இல்லை.

எங்கள் துறைமுகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே நீர்மூழ்கிகள் வரும். பழுது பார்க்க வரும், எரிபொருள் மாற்ற வரும். அவற்றின் வயிற்றில் அணு உலை இருக்கிறது. ஊருக்குள் ஓர் அணு உலை கட்டப்போகிறோம் என்று சும்மா அறிவித்துப் பாருங்கள், ஊர்வலம் போவார்கள், வழக்குப் போடுவார்கள், அதிகாரியை வீட்டை விட்டு வெளியே வர விடமாட்டார்கள். அதே உலையை ஓர் இரும்புக் குழாய்க்குள் திணித்து, அதற்குப் பக்கத்திலேயே மாலுமிகளைப் படுக்க வைத்து, கடலெல்லாம் சுற்றிவிட்டு, நேராக நம் மீன் கடைகளுக்கு எதிரே கொண்டுவந்து கட்டினால் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அது கப்பலாம். கப்பலுக்குச் சட்டம் வேறாம். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எரிபொருள் மாற்றும் வேலைதான் ரொம்ப ஆபத்து. கப்பலின் மேல்தகட்டை வெட்டி, உலையின் மூடியைத் தூக்க வேண்டும். மூடியின் வழியாக உள்ளே சில தண்டுகள் இறங்கியிருக்கும். உலையை அடக்கி வைத்திருப்பதே அந்தத் தண்டுகள்தான். மூடியைத் தூக்கும்போது அவை கூடவே மேலே வந்துவிடக் கூடாது. வந்தால், கண்ணை மூடித் திறப்பதற்குள் உலை விழித்துக்கொள்ளும். அதனால் மிதவையின் மேல் நிற்கும் ஒரு கிரேன் அந்த மூடியை மயிரிழை மயிரிழையாக, நேர்க்குத்தாகத் தூக்கும். மிதவை என்பதால் அந்த நேரத்தில் தண்ணீர் ஆடக் கூடாது. கிரேன் கம்பத்தில் சிவப்புக் கொடி ஏற்றுவார்கள். கொடி பறக்கும்போது எந்தப் படகும் அந்தப் பக்கம் ஓடக் கூடாது என்பது விதி.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது, அப்படி ஒரு மூடியைத் தூக்கையில் அது கொஞ்சம் சாய்ந்தது. கொஞ்சம்தான். தண்டுகள் சில கூடவே ஏறின. ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். மூடி திரும்ப உட்கார்ந்துவிட்டது. வெடிக்கவில்லை, தீப்பிடிக்கவில்லை, ஊருக்கு ஒன்றும் தெரியவில்லை. மூடிக்குப் பக்கத்தில் நின்று கிரேனுக்குக் கை காட்டிக்கொண்டிருந்த சைகைக்காரர் அன்றைக்கே வாந்தி எடுத்தார், அந்த மாதம் முடிவதற்குள் இறந்துபோனார். அவரோடு நின்ற இரண்டு ஃபிட்டர்கள் சில வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்து போனார்கள். விசாரணை நடந்தது. கிரேன் ஓட்டியவரின் கை ஆடிவிட்டது என்று எழுதி முடித்தார்கள். அவரைக் கிரேனிலிருந்து இறக்கி, சாவி அறையில் உட்கார வைத்தார்கள். அவர்தான் பின்னால் எனக்கு மாமனார் ஆனார்.

அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்க யாரும் தயாராக இல்லை. மூன்று பேரைக் கொன்ற கை என்றார்கள். அந்தக் குடும்பத்து ரத்தத்திலேயே கதிர் ஏறிவிட்டது என்றார்கள். விபத்துக்கு முன்னாலேயே பிறந்துவிட்ட பையனின் ரத்தத்தில் அது எப்படி ஏறும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. என் அப்பாதான் தானாகப் போய்ச் சம்பந்தம் பேசினார். அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள்.

"ஊருல வேற மாப்பிள்ளையே கிடைக்கலையா? போயும் போயும் அந்த வீடா?"

"நல்ல மனுசங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லையே."

"தெரியும்" என்றார் அப்பா.

என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பையனுக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்யும் தொழில். என்னைப் பார்க்க வந்தவர் பேச விஷயம் இல்லாமல் எங்கள் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, "இது உங்களவிட மூத்தது போலிருக்கு, ஆனா உங்களவிட சத்தம் கம்மி" என்றார். நான் வாயாடி என்பதை யாரோ முன்கூட்டியே அவருக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பிடித்துவிட்டது.

மாமனார் அதிகம் பேசாதவர். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, வலது கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரமாக நிற்பார். கை ஆடுகிறதா என்று பார்ப்பார். ஒரு சொட்டு சிந்தாது. டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு, "இன்னைக்கு ஆடல. அன்னைக்குத்தான் ஆடிடுச்சு" என்பார். யாரிடமும் சொல்வதில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். நான் அந்த வீட்டுக்குப் போன புதிதில் அதைக் கேட்டால் கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு நிற்பேன். பிறகு பழகிவிட்டது, அதுதான் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

அப்பா ஒருநாள் காலையிலேயே வந்திருந்தபோது அதைப் பார்த்துவிட்டார். டம்ளர் மேஜைக்கு இறங்கியதும் எழுந்து கழிவறைக்குள் போனவர் வெகு நேரம் வரவில்லை. நான் கதவைத் தட்டினேன். "வரேம்மா" என்றார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

சம்பந்தி என்றால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மரியாதை வாங்கிக்கொள்பவர் என்றுதான் உலகம் நினைக்கிறது. என் அப்பா, பெண்ணைக் கொடுத்த வீட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவினார். ஓட்டை விழுந்த கூரைத் தகட்டை மாற்றினார். மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது பெற்ற பிள்ளைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தவர் அவர்தான். மாமியார் இறந்த பிறகு, லீவு நாளெல்லாம் மாமனாரோடுதான் இருந்தார். இரண்டு பேரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல், போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "சம்பந்தி, நீங்க எனக்குக் கூடப் பொறந்திருக்கணும்" என்பார் மாமனார். அப்பா தரையைப் பார்ப்பார். கூச்சப்படுகிறார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அதே தெருவின் முனையில்தான் இறந்துபோன சைகைக்காரரின் மனைவி குடியிருந்தார். மாமனார் எதிரே வந்தால் அந்த அம்மாள் நின்று, அவர் காலடியில் எச்சில் துப்பிவிட்டுத்தான் போவார். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. மாமனார் விலக மாட்டார், பாதை மாறியும் போக மாட்டார். தலையைக் குனிந்து நின்று வாங்கிக்கொள்வார். ஒருமுறை நானும் அப்பாவும் கூட இருந்தோம். நான் சண்டைக்குப் பாய்ந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், அந்தக் குளியல் தொட்டி நாளில் பிடித்ததைப் போலவே. அவர் கை சில்லென்று இருந்தது.

பிறகு மாமனாருக்கு உடம்பு விழுந்தது. சும்மா இடித்துக்கொண்ட இடமெல்லாம் நீலம் பாரித்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. ரத்தத்தைச் சோதித்துவிட்டு, ரத்தப் புற்று என்றார்கள். அந்த விபத்தினால்தானா என்று நான் டாக்டரைக் கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வயசாகுது, யாருக்கு வேணாலும் வரும்" என்றார். கதிரின் கதை எப்போதும் இப்படித்தான். வந்ததற்கும் சாட்சி இல்லை, போனதற்கும் சாட்சி இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் எனக்கே அதற்குமேல் ஒன்றும் தெரியாது.

மாமனார் மட்டும் நிம்மதியாக இருந்தார். "இந்தக் கைக்கு வர வேண்டியது லேட்டா வந்திருக்கும்மா. சைகைக்காரனுக்கு அன்னைக்கே வந்தது. இப்பத்தான் நேராச்சு" என்றார். மருந்து வேண்டாம் என்றார். தண்டனையை ஏன் மருந்து போட்டுக் குறைக்க வேண்டும் என்று கேட்டார். நானும் என் வீட்டுக்காரரும் தலைகீழாக நின்று பார்த்தோம், அவர் மசியவில்லை.

இதைப் போய் அப்பாவிடம் சொல்லி அழுதேன். மத்தியான நேரம். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அப்பா சமையலறைக் குழாயைக் கழற்றி, உள்ளே தேய்ந்துபோன ரப்பர் வாஷரை மாற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"அது அவர் கை இல்லம்மா" என்றார்.

"எது?"

"அன்னைக்கு மூடி சாஞ்சது. அது அவர் கையால இல்ல. என் படகால."

நான் புரியாமல் பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல், கழற்றிய குழாயைப் பார்த்தே சொன்னார்.

சிவப்புக் கொடி ஏற்றினால் படகு ஓடக் கூடாது என்பது விதி. ஆனால் கொடியை ஏற்றிய ஆட்கள் இறக்குவதை விட்டுவிட்டார்கள். தினமும் ஏற்றி இறக்குவது அவர்களுக்கு வெட்டி வேலை. வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது கம்பத்தில் கிழிந்து தொங்கிக்கொண்டே இருந்தது. கொடியைப் பார்த்துப் படகை நிறுத்தினால் துறைமுகத்தில் ஒரு வேலையும் நடக்காது. அதனால் படகோட்டிகள் தங்களுக்குள் ஒரு வழி வைத்துக்கொண்டார்கள். கொடியைப் பார்ப்பதில்லை, கிரேனின் கொக்கியைப் பார்ப்பார்கள். கொக்கி மேலே சும்மா தொங்கினால் ஓட்டலாம். கீழே இறங்கியிருந்தால் ஏதோ தூக்குகிறார்கள் என்று அர்த்தம், நிற்க வேண்டும். வேலைக்கு வரும் புதியவர்களுக்கும் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பல வருஷம் இது தவறியதே இல்லை.

அந்த வாரம் மழை. வெட்டிய பள்ளத்துக்குள் மழைத் தண்ணீர் விழாமல் இருக்க, மூடியைத் தூக்க இறங்கியிருந்த கிரேனின் பெரிய கொக்கியையும் சேர்த்து ஒரு தார்ப்பாய்க் கூடாரம் போட்டு மூடியிருந்தார்கள். வெளியே தெரிந்தது, சில்லறைச் சாமான் தூக்க அதே கிரேனில் இருக்கும் சின்னக் கொக்கி மட்டும். அது மேலே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா ஆட்களை இறக்கிவிட்டு வெறும் படகோடு திரும்பிக்கொண்டிருந்தார். பார்த்தார். கொக்கி மேலே இருந்தது. போனார்.

"மெதுவாப் போயிருக்கலாமேப்பா" என்றேன்.

"போயிருக்கலாம்."

"அப்படி என்ன அவசரம்?"

"அவசரமே இல்லம்மா. அதான் என்னால தாங்க முடியல. நீ பொறந்து கொஞ்ச மாசம்தான். எஞ்சினை அன்னைக்குக் காலையிலதான் சர்வீஸ் பண்ணிக் குடுத்தாங்க. அவ்வளவு நல்லா ஓடுச்சு. மழை விட்டிருந்தது, படகுல யாரும் இல்ல. சும்மா ஒரு சந்தோஷத்துல முழுசாத் திறந்துவிட்டேன்."

திரும்பிப் பார்த்தபோது தன் படகு கிளப்பிய அலை மிதவையின் அடியில் போய்ப் புகுவதைப் பார்த்தாராம். கிரேன் மெல்லத் தலையை ஆட்டியது. அதற்கடுத்து அந்தத் தார்ப்பாய் முழுவதும் உள்ளிருந்து நீலமாக ஒளிர்ந்து அணைந்தது. சத்தமே இல்லை என்றார். சத்தம் ஏதாவது கேட்டிருந்தால்கூட இத்தனை வருஷம் அது தன்னைத் துரத்தியிருக்காது என்றார்.

விசாரணையில் படகோட்டிகளையும் கூப்பிட்டார்கள். அப்பா சொல்லிவிடத்தான் போனார். அவர் வாயைத் திறப்பதற்குள் அந்த அதிகாரி, "அந்த நேரத்துல எந்தப் படகும் அங்க ஓடல. கொடி ஏத்தியிருந்தது. கொடி ஏத்தினா படகு ஓடாது. அப்படித்தானே?" என்று கேட்டார். அலை என்று எழுதினால், கொடியை இறக்காமல் விட்டது யார் என்று கேள்வி வரும், அது மேலே மேலே போய் எங்கே நிற்கும் என்று தெரியாது. கை என்று எழுதினால் ஒரு மனிதனோடு முடிந்துவிடும். அப்பா, "அப்படித்தான் சார்" என்றார். வெளியே வரும்போது, கிரேன் ஓட்டுநர் பெஞ்சில் உட்கார்ந்து தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

நான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம், கண்மண் தெரியாத கோபம்.

"அப்போ என்னை எதுக்கு அந்த வீட்டுல குடுத்தீங்க? ஒரு மனுசனோட வாழ்க்கையைக் கெடுத்துட்டு, பதிலுக்குப் பொண்ணைத் தூக்கிக் குடுத்தீங்களா? நான் என்ன நஷ்ட ஈடா?"

அப்பா கழற்றிய வாஷரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்த வாசல்ல யாரும் கால் வைக்கலம்மா. நான் வைக்கணும்னு தோணுச்சு. உன்னைவிட நல்லதா என்கிட்ட வேற எதுவும் இல்ல" என்றார்.

அந்த மனிதரை அப்போது எனக்கு அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. "மாமா போறதுக்குள்ள அவர்கிட்ட சொல்லுங்க. தன் கைதான் கொன்னுச்சுன்னு நினைச்சிட்டே அவர் போகக் கூடாது. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்" என்றேன். அப்புறம் உன் குடும்பம் என்ன ஆகும் என்று அவர் கேட்டார். ஆகிறது ஆகட்டும் என்றேன். வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாளே அப்பா வந்தார். மாமனார் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் கடையில் இருந்தார். அப்பா நாற்காலியில் உட்காரவில்லை. கட்டிலுக்குக் கீழே, தரையில் உட்கார்ந்தார். கொடி, கொக்கி, தார்ப்பாய், எஞ்சின், அலை என்று ஒன்று விடாமல் சொன்னார். எனக்குச் சொன்னதைவிடத் தெளிவாகச் சொன்னார். இந்தப் பேச்சை அவர் எத்தனை முறை தனக்குள் பேசிப் பார்த்திருப்பார் என்று எனக்கு அப்போது புரிந்தது.

மாமனார் கண்ணை மூடாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அந்த வீட்டுக்கு நான் போனதிலிருந்து அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. கையை நீட்டி அப்பாவின் தலையில் வைத்தார்.

"சம்பந்தி" என்றார். "நான் நிம்மதியாப் போகணும்னு இவ்வளவு தூரம் யோசிச்சு வந்தீங்களா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "யோசிச்சு வரல. நடந்ததைச் சொல்றேன்."

"சரி, சரி. எழுந்து மேல உட்காருங்க."

"மாமா, அப்பா சொல்றது நிஜம்" என்றேன்.

"உங்கப்பாவுக்கு நீ சாட்சியா? நீ அப்போ தொட்டில்ல கிடந்தவ" என்று என்னைக் கேலி செய்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். "இதுல ஒரு அசைவு வந்துச்சும்மா. லீவர் மேல இருந்த கை ஒரு நூல் அசைஞ்சது. எனக்குத்தானே தெரியும்."

"ஏன் அசைஞ்சது மாமா? மிதவை ஆடுச்சு, நீங்க ஆடினீங்க, அதனால கை ஆடுச்சு."

அவர் கொஞ்ச நேரம் அதை யோசித்தார். அப்பா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிதவையில நிக்கிற கிரேன்னா தண்ணி ஆடத்தாம்மா செய்யும்" என்றார் மாமனார். "தண்ணி ஆடினாலும் கை ஆடக் கூடாது. அதுக்குத்தான் என்னை வச்சிருந்தாங்க."

அதோடு முடிந்தது. அப்பா அதற்கடுத்த நாளும் போய்ச் சொன்னார், அதற்கும் மறுநாளும் சொன்னார். சொல்லச் சொல்ல மாமனாருக்கு அவர்மேல் பாசம்தான் கூடியது. பெண்ணைக் கொடுத்து, தொட்டி கழுவி, ஆஸ்பத்திரியில் காத்திருந்த ஒரு மனிதர் வந்து பழியைக் கேட்டால், யார்தான் நம்புவார்கள்? அப்பா தன் பிழைக்குப் பரிகாரமாகச் செய்த ஒவ்வொன்றும் அவர் வாயை அடைத்துவிட்டது.

என் வீட்டுக்காரரிடம் நானே சொன்னேன். அவர் கடையிலிருந்து யாருடையதோ ஒரு ஃபிரிட்ஜ் மோட்டாரை எடுத்து வந்து பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"நீங்க நம்பறீங்களா?" என்றேன்.

"நம்பினா உங்கப்பாவை வெறுக்கணும். நம்பலைன்னா, எங்கப்பா கையாலதான் அத்தனையும் நடந்துச்சுன்னு ஒத்துக்கணும்" என்றார். "ரெண்டும் என்னால முடியல. என்னை விட்டுடு."

மாமனார் இதைத் தனக்குள் வைத்துக்கொள்ளவில்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "என் சம்பந்தி என்ன பண்ணாரு தெரியுமா? அந்த மூணு உசுரையும் தன் கணக்குல எழுதிக்கறேன்னு வந்து நின்னாருப்பா. கூடப் பொறந்தவன் செய்வானா?" என்று சொன்னார். கதை துறைமுகம் முழுக்கப் பரவியது. அப்பாவை நத்தை என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு ஐயா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முன்பு தலையணை கேட்ட வெல்டர், படகுத்துறை பெஞ்சில் எழுந்து நின்று அவருக்கு இடம் கொடுத்தார். அப்பா துறைமுக அலுவலகத்துக்கே போய், அந்தப் பழைய விசாரணையைத் திருத்த வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். அங்கே இருந்த இளம் அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து வந்து, "உங்களைப் பத்திக் கேள்விப்பட்டேன்யா" என்று கை குலுக்கி, வாசல் வரை வந்து வழியனுப்பினார். வீட்டுக்கு வந்த அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

மாமனார் ஒரு காலை நேரத்தில் போய்ச் சேர்ந்தார். கடைசி வரைக்கும் அந்தக் கை அவருடையதாகவே இருந்தது. தெருவில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தோம். துறைமுகத்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வந்தவர்கள் உள்ளே போய் அவரைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து என் அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அப்பா ஒவ்வொரு தொடுதலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்துகொண்டே போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

தெருமுனையிலிருந்து சைகைக்காரரின் மனைவி வருவதை முதலில் நான்தான் பார்த்தேன். பிணத்தின் மேலேயும் துப்ப வருகிறாளா என்று எழுந்தேன். அந்த அம்மாள் என்னைத் தாண்டி வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். நேராக அப்பாவின் முன்னால் வந்து நின்று, அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"இத்தனை வருசம் அந்த மனுசனை நான் சபிச்சேன். உங்க கதையைக் கேட்டப்புறம்தான் சபிக்கிறதை விட்டேன்" என்றார். "உங்களை மாதிரி ஒரு ஆளு அன்னைக்கு அங்க இருந்திருந்தா, என் வீட்டுக்காரர் இன்னும் உசுரோட இருந்திருப்பாரு."

அப்பா அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தார்.

"இருந்தேம்மா" என்றார். "நான் அங்கதான் இருந்தேன்."

அந்த அம்மாள் அழுதுகொண்டே தலையாட்டினார். "நீங்க இப்படித்தான் சொல்வீங்கன்னு சொன்னாங்க" என்றார். கையை விடவில்லை.